கோவைக்கு 45 ஏக்கர், ஆலங்குளத்துக்கு 45 சென்ட்

கோவை காந்திபுரத்தில் மத்திய சிறையின் மதில்களுக்குள் ஒன்றரை நூற்றாண்டாக அடைபட்டுக் கிடந்த நிலத்தில் 45 ஏக்கர் இன்று மக்கள் காலாற நடக்கும் பூங்காவாகியிருக்கிறது. 208.50 கோடி ரூபாயில் உருவான செம்மொழிப் பூங்காவை 2025 நவம்பர் 25 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். சதுர அடிக்கு விலை பேசும் நகர மையத்தில் இவ்வளவு நிலம் கடைகளுக்குப் போகாமல் மரங்களுக்குப் போயிருப்பது மனம் நிறையும் செய்தி. கோவைக்குக் கிடைத்தது ஆலங்குளத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் கடையநல்லூருக்கும் எப்போது கிடைக்கும் என்பதுதான் தென்காசி மாவட்டத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தச் சிறை தென்பாண்டிச் சீமைக்கு அந்நியமான இடமில்லை. 1908இல் திருநெல்வேலி நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற வ.உ. சிதம்பரம் பிள்ளை 1910 வரை செக்கிழுத்தது அங்கேதான். அதே வளாகத்தின் ஒரு பகுதியில் இப்போது சங்க இலக்கியம் பேசும் மரங்களும் மூலிகைகளும் ரோஜாக்களும் தனித்தனித் தோட்டங்களாக வளர்கின்றன. சிறை நிலம் பூங்காவாகிறது என்றால், பழைய அலுவலகமோ கிட்டங்கியோ நின்ற நிலம் பூங்காவாவதற்கு எந்தத் தடையும் இருக்க முடியாது.

இந்தப் பூங்காவின் கதையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது வந்த அறிவிப்பு இது. அடிக்கல் நாட்டப்பட்டது 2023 டிசம்பரில். இடையில் போனவை 13 ஆண்டுகள். கட்டி முடிக்க ஆனதோ இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. பூங்கா அமைப்பது கடினமான வேலையில்லை. இந்த நிலம் பூங்காவுக்குத்தான் என்று முடிவெடுத்து அதில் உறுதியாக நிற்பதுதான் கடினம்.

மரமும் குளமும் பேரான ஊர்

ஆல மரமும் குளமும் சேர்ந்து பேரான ஊர் ஆலங்குளம். நெல்லைக்கும் தென்காசிக்கும் ஏறக்குறைய நடுவில், இரண்டு ஊர்ப் பேருந்துகளும் நின்று போகும் இடம். காய்கறிச் சந்தை உண்டு. வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள் உண்டு. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து போகிறார்கள்.

சித்திரை மாதத்து நண்பகலில் இந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். கடை முன்னால் நீட்டிய தகரக் கொட்டகையின் நிழல் ஒரு முழ அகலத்துக்கு விழும். அந்த ஒரு முழத்துக்குள் கைக்குழந்தையோடு ஒரு தாய், மருந்துச் சீட்டோடு ஒரு பெரியவர், பையைத் தலைக்கு மேல் பிடித்த இரண்டு மாணவிகள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்வார்கள். கடைக்காரர் விரட்ட மாட்டார். ஆனால் வியாபாரத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறோமே என்ற கூச்சம் நிற்பவர்களின் முகத்தில் தெரியும். உட்கார வேண்டுமென்றால் ஒரு டீ வாங்க வேண்டும். அதுவும் ஆண்களுக்குத்தான். டீக்கடை பெஞ்சில் தனியாக உட்காரும் பெண்ணை இந்த ஊர்களில் இன்றும் பார்ப்பது அரிது.

நெல்லைச் சீமையில் மரத்தடிக்கு ‘மூடு’ என்று பெயர். புளியமூடு, வேப்பமூடு, ஆலமூடு என்று ஊர்ப்பெயர்களிலும் சந்திப்புகளின் பெயர்களிலும் அந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. பேருந்துக்குக் காத்திருந்ததும், பெண் பார்த்துவிட்டு வந்து பேசி முடித்ததும், வேலையில்லாத நாளில் படுத்துக் கிடந்ததும் அந்த மூட்டில்தான். வழிநடைக்காரர்களுக்காகச் சாலையோரம் மரம் வைத்துச் சத்திரம் கட்டிய ராணி மங்கம்மாளின் பெயரைத் தென் மாவட்டங்களில் இன்றும் சொல்கிறார்கள். நெல்லை–தென்காசிச் சாலை நான்கு வழியாக அகலமானபோது பழைய சாலையோர மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. சாலை தேவைதான். பயண நேரம் குறைந்தது. எதிரெதிர் மோதல் ஆபத்தும் குறையும். ஆனால் அந்த மரங்களோடு போன ‘மூடு’ ஊருக்குள் வேறெங்கும் திரும்பி வரவில்லை.

முப்பது கிலோமீட்டருக்குள் குற்றாலம் இருக்கிறதே, அங்கே இல்லாத பசுமையா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இருக்கிறது. அருவிகள் இருக்கின்றன, குறும்பலாவைத் தல மரமாகக் கொண்ட கோயில் இருக்கிறது, ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவும் இருக்கிறது. ஆனால் அது வருடத்தில் ஒன்றிரண்டு நாள் போய்வருகிற பசுமை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது மலையைத் தாண்டி ஆலங்குளத்துக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். காற்றாலை சுற்றும், மண் பறக்கும், மழை தூறாது. மாலை ஆறு மணிக்குப் பீடித் தட்டை இறக்கிவைத்த பெண் முதுகை நிமிர்த்திச் சற்று நடக்க நினைத்தால், அவளுக்குக் குற்றாலம் தூரம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து சேரும் இடமே அவளுக்குப் பூங்கா.

இடித்துக் கட்டும்போது என்ன வருகிறது?

தமிழகத்தின் நடுத்தர, சிறு நகரங்கள் எல்லாமே இப்போது இடிபட்டுக் கட்டப்படும் காலத்தில் இருக்கின்றன. பழைய பேருந்து நிலையம் போய்ப் புதிது வருகிறது. நாளங்காடி இடிக்கப்பட்டு மாடி வைத்த வணிக வளாகமாகிறது. நெல்லை சந்திப்புப் பெரியார் பேருந்து நிலையம் 2018இல் இடிக்கப்பட்டு, பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2024இல் அடுக்குமாடிக் கட்டடமாகத் திறக்கப்பட்டது. கடைகளும் வாகன நிறுத்தமும் அதில் உண்டு. நகரின் இதயத்தில் அப்படியொரு நிலம் காலியாகும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். அப்போது பத்து சென்ட்டையாவது மரத்துக்கு விட்டுவைப்போம் என்று யாரும் பிடிவாதமாகக் கேட்பதில்லை.

உள்ளாட்சிகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கடை கட்டினால் வாடகை வரும். அதில் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம், தெருவிளக்குக் கட்டணம் கட்டலாம். பூங்கா வைத்தால் செலவு மட்டும்தான். பேரூராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் இந்த வாதம் சரிதான். ஆனால் வெயிலில் மயங்கி விழுபவரின் மருத்துவச் செலவும், நடக்க இடமில்லாமல் சர்க்கரை ஏறியவரின் மாத்திரைச் செலவும், மாலையில் விளையாட இடமில்லாமல் கைபேசிக்குள் முடங்கும் பிள்ளைகளின் இழப்பும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. செலவு இருக்கத்தான் செய்கிறது. அதைச் சுமப்பது அந்தந்த வீடு.

கட்டடங்கள் பசுமையை எப்படி விழுங்கும் என்பதற்குச் சென்னையில் பழைய சாட்சி இருக்கிறது. 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, பொதுமக்களுக்காகப் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். அதன் பரப்பு 116 ஏக்கர். பிறகு அதில் ஒரு மூலையில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, அடுத்து விளையாட்டரங்கம், ரயில்வே கட்டடங்கள் என்று வரிசையாக வந்தன. அங்கிருந்த உயிரியல் பூங்கா 1985இல் வண்டலூருக்குப் போனது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். எதையும் தனியாக எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் சேர்ந்தபோது 116 ஏக்கரில் எஞ்சியது ‘மை லேடீஸ் பூங்கா’ என்ற சிறு துண்டு. ‘ஒரு கட்டடம்தானே, ஓரமாக வந்துவிட்டுப் போகட்டும்’ என்று எந்த ஊரிலாவது யாராவது சொல்லும்போது இந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.

சீட்டு வாங்கி நுழையும் நிழல்

புதிதாக வரும் பூங்காக்களில் கவலை தரும் போக்கு ஒன்று தலைகாட்டுகிறது. சென்னை கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து அரசு மீட்ட சுமார் 6 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. தனியார் கையில் முடங்கிய பொது நிலம் மக்களிடம் திரும்பி வந்தது பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் உள்ளே போகப் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கம்பியில் தொங்கிப் பறக்கும் விளையாட்டுக்கும் கண்ணாடி மாளிகைக்கும் தனிக் கட்டணம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். ஆலங்குளத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி அதற்குப் போதாது.

சுற்றுலா வருபவருக்கு அது சரியாக இருக்கலாம். ஊரின் நடுவில் தினமும் பயன்பட வேண்டிய பசுமைக்குக் கட்டணம் கூடவே கூடாது. பெங்களூருவில் 1870இல் உருவான கப்பன் பூங்கா சுமார் 300 ஏக்கர். நுழையக் கட்டணம் இல்லை. அதனால்தான் காலையில் நீதிமன்ற வழக்கறிஞர் நடக்கும் பாதையில் மத்தியானம் வேலை தேடி வந்த இளைஞர் கண்ணயர முடிகிறது. நமக்குப் பக்கத்திலேயே நாகர்கோவிலில் வேப்பமூடு சந்திப்புப் பூங்கா இருக்கிறது. நகரம் நாலாபக்கமும் இரையும் இடத்தில் கொஞ்சம் மரமும் உட்கார இடமும் கிடைத்தால் மக்கள் எப்படி ஒதுங்குவார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

கட்டணத்தைப் போலவே தடையாக நிற்பது புல்தரை. பூங்கா என்றால் கொரியன் புல் என்று எப்படியோ ஆகிவிட்டது. நெல்லை, தென்காசி வெயிலில் அந்தப் புல் தினமும் தண்ணீர் கேட்கும். ஒருநாள் மோட்டார் பழுதானால் ஓரம் கருகும். கருகக் கூடாது என்பதற்காகவே ‘புல்லில் நடக்காதீர்’ என்று பலகை வைப்பார்கள். நடக்கவும் உட்காரவும் முடியாத பச்சைக்கு எதற்குப் பொதுப் பணம்? வறட்சி தாங்கும் ஊருக்கு மரநிழலும் நீர் தெளித்துக் கெட்டித்த செம்மண் தரையும் போதும். சாரலுக்குப் பின் அருகு தானாக முளைக்கும்.

மரங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவசரம் வேண்டாம். சட்டென்று பச்சை காட்டும் என்று ஊர் ஊராக வைத்த கோனோகார்பஸ் மரத்தை 2025 ஜனவரியில் தமிழக அரசே தடைசெய்தது. வேம்பு, புங்கை, பூவரசு, இலுப்பை, நாவல் எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகியவை. புங்கை நான்கைந்து ஆண்டுகளில் ஆள் உட்காரும் நிழல் தரும். இடம் அகலமாக இருந்தால் நடுவில் ஓர் ஆல் வைக்கலாம். ஆலங்குளத்துக்கு அது பொருத்தம்.

இன்னொன்று, பாதுகாப்பு. நியூயார்க்கில் நூலகத்தின் பின்புறம் இருக்கும் பிரையன்ட் பூங்கா, 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் கூடாரமாக இருந்தது. வில்லியம் வைட் என்பவர் அங்கே யார் உட்காருகிறார்கள், யார் ஒதுங்கிப் போகிறார்கள் என்று பொறுமையாகக் கவனித்தார். உயரமான புதர்வேலி உள்ளே நடப்பதை மறைக்கிறது என்றார். வேலியை எடுத்தார்கள், வாசல்களை அகலமாக்கினார்கள், விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை வைத்தார்கள். 1992இல் மீண்டும் திறந்தபோது பெண்கள் வரத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பூங்காக்களுக்கு ஆறடி மதில் கட்டி, இரும்புக் கதவு போட்டு, காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் திறக்கிறார்கள். மதில் மறைப்பது யாரை என்று பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இடம் எங்கே இருக்கிறது?

இடம் இருக்கிறது. அது பெரும்பாலும் உடைமுள்ளுக்கு அடியில் இருக்கிறது.

‘டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்ற மனைகள்’ என்ற விளம்பரப் பலகை இல்லாத சாலை தென்காசி மாவட்டத்தில் கிடையாது. அந்த அங்கீகாரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மனை பிரிப்பவர் சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனாலும், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் பூங்காவுக்கு வந்தாக வேண்டும். மனை வாங்கியவர் கையில் இருக்கும் வரைபடத்தில் பச்சை மை பூசி ‘பூங்கா’ என்று எழுதியிருப்பது அந்த இடம்தான்.

நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் உடைமரம் மண்டிக் கிடக்கும். சில இடங்களில் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் குப்பைக் கிடங்கு. எல்லைக்கல் நகர்ந்து பக்கத்து வீட்டுத் தொழுவம் உள்ளே வந்திருப்பதும் உண்டு. யார் மேலும் பழி சொல்லிப் பயனில்லை. யாரும் கேட்காத நிலம் யாரோ ஒருவர் கைக்குப் போய்விடும்.

சட்டம் மக்கள் பக்கம்தான் இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959இலேயே தனிச்சட்டம் வந்தது. தன் எல்லைக்குள் இருக்கும் அத்தகைய இடங்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை அது உள்ளாட்சியிடம் கொடுக்கிறது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையை மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது அந்தத் தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதத்தை ஏற்காமல், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்குப் போட்டவர்கள் பெரிய அமைப்பு எதுவுமில்லை. அந்தக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள்.

இனி செய்ய வேண்டியவை

முதலில் பட்டியல். ஆலங்குளம் பேரூராட்சியும் மாவட்டத்தின் மற்ற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தங்களுக்குத் தானமாக வந்த பூங்கா இடங்களைச் சர்வே எண், பரப்பளவுடன் அலுவலக வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். தானப் பத்திரம் இன்னும் பதிவாகாத மனைப்பிரிவுகள் எவை என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

அடுத்து, ஊரின் மையம். பேருந்து நிலையமோ சந்தையோ பழைய அரசுக் கட்டடமோ இடித்துக் கட்டப்படும்போது வரைபடத்திலேயே ஒரு பங்கு நிழல்வெளிக்கு ஒதுக்க வேண்டும். 45 ஏக்கர் வேண்டாம், 45 சென்ட் போதும். அதுவும் முடியாத இடத்தில் 15 சென்ட். மூன்று பெரிய மரம், சுற்றிலும் கல் திட்டு, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை, இரவு பத்து மணி வரை எரியும் விளக்கு, இடுப்பளவுக்கு மேல் போகாத கம்பி வேலி. நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், கட்டணம் கூடாது. செயற்கை நீரூற்றையும் பிளாஸ்டிக் யானையையும் விட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கழிப்பறைக்குக் கொடுக்கலாம்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2021இல் தொடங்கிய கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பூங்காக்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இடமுண்டு. வனத்துறையின் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மரக்கன்றுகள் வளர்த்துத் தருகிறது. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது பூங்காப் பராமரிப்பும் அதில் ஒரு வேலையாகச் சேர்க்கப்பட்டது. அதை எல்லாப் பேரூராட்சிகளுக்கும் விரித்தால் வேலையில்லாத நாட்களில் உள்ளூர்ப் பெண்களுக்குக் கூலியும் கிடைக்கும், மரத்துக்குத் தண்ணீரும் கிடைக்கும். கட்டுவதற்கு ஒதுக்கும்போதே ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்க, உடற்பயிற்சிக் கருவிகள் துருவேறி, பூட்டுத் தொங்கும் பூங்காக்கள் பல ஊர்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

மன்றக் கூட்டத்தில் தீர்மானம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். மரம் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தென்காசிப் பக்கம் கன்று வைக்க ஏற்ற காலம் ஐப்பசி. புரட்டாசியிலேயே மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி ஆறவிட்டால், முதல் மழை விழுந்ததும் ஆளுயரக் கன்றாகப் பார்த்து ஊன்றலாம். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை தண்ணீரும், ஆடு கடிக்காமல் முள்வேலியும் வேண்டும். அதற்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் சம்பளமும் இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே ஏற வேண்டும்.